பன் தின்னும் பைலட்

ஓசூர் விமான ஓடுதளத்துக்கு எதிரே கெம்பம்மா களிக்கடை போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் பைலட்டுகள் இருவரும் அங்கே வருவார்கள். கேப்டன் தேவய்யா களியையும் கீரைக் குழம்பையும் ஒரு பிடி பிடிப்பார். சின்ன பைலட் வரதன் மட்டும் பையிலிருந்து பன்னை எடுத்துக் கடிப்பான்.

"நம்ம கையால தின்னா அவரு கௌரவம் கொறைஞ்சிடும்போல!" என்று கெம்பம்மா தினமும் புருஷனிடம் பொருமுவாள்.

அன்று வரதன் தனியாக வந்தான்.

"பெரியவரு வரலீங்களா?"

"இன்னிக்கு வெறும் பிளேனை டெஸ்ட் ஓட்டுறதுதாம்மா. அதுக்கு ஒரு பைலட் போதும். ஆளுங்க ஏறினாத்தான் ரெண்டு பேர் வேணும்னு ரூலு."

"அப்ப பன்னைத் தின்னுட்டுக் கெளம்புங்க," என்றாள் வெடுக்கென்று.

"பன்னா? மொதல்ல ரெண்டு உருண்டை களி போடுங்க!"

கெம்பம்மா இரண்டு உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சேர்ந்து பறக்கறப்ப ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாதும்மா. ஒத்துக்காம ரெண்டு பேரும் படுத்துட்டா யார் ஓட்டுறது? அவரு சீனியரு, களியை எடுத்துக்கிட்டாரு. நான் ஆறு மாசமா வாசனை புடிச்சுக்கிட்டே பன்னு தின்னுறேன்."

கெம்பம்மா மூன்றாவது உருண்டையையும் தட்டில் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து களி உங்களுக்குத்தான் சார். பெரியவருக்கு நானே பன்னு வாங்கி வெச்சிடறேன்!"