பொன்னாத்தாளுக்கான காற்று
தகரக் கூரையில் சித்திரை வெயில் காய்கிறது. பொன்னாத்தாளின் சாவுக்காகப் பக்கத்துத் தறிக்குடோனை நிறுத்திவிட்டதால், அவள் புருஷன் சென்னியப்பன் செய்த மெஷினின் சத்தம் இன்றுதான் முழுசாகக் கேட்கிறது. மில் ஆபீசில் கழித்துப்போட்ட ஏசியின் செப்புச் சுருளுக்குள் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டு, பின்னால் டேபிள் ஃபேனை வைத்துக் கட்டியிருக்கிறார். காய்ச்சலில் கொதித்துக் கிடந்தவளின் முகத்தில் காற்று விழ வேண்டுமென்று, கிழக்கே தலைவைத்த கட்டிலை முழம்போட்டு அளந்து, வடக்கு ஜன்னலில் பொருத்தியது. நேற்றுச் சாயங்காலம்தான் காற்று குளிர்ந்து வந்தது. “மூஞ்சிக்குச் சொகமா இருக்குதுங்க” என்றாள். இப்போது சொந்தக்காரர்கள் அவளைத் தரையில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். காற்று காலில் விழுகிறது. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியின் நுனி படபடக்கிறது. சென்னியப்பன் ஸ்பேனரோடு எழுந்து போய் ஜன்னலில் மெஷினின் நட்டைக் கழற்றுகிறார். “இனி எதுக்குங்க மாமா?” என்று கொழுந்தியாள் கையைப் பிடிக்கிறாள். அவர் திரும்பிப் பார்க்காமல் சொல்கிறார்: “காலு சில்லுன்னு ஆனா அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுக்கும் அம்மிணி. தூங்கமாட்டா.”