வெளித் தாழ்ப்பாள்

"பதினோரு சிப்பாய்ங்க. மூணு நாள். ஒருத்தர்கூட ஒரு அடி பின்வாங்கல!"

போர் அருங்காட்சியகத்தின் வழிகாட்டிக்கு எட்டு வருடமாக நாக்கில் தேய்ந்த வசனம் அது. பதுங்கு அறைக்குள் நின்று அதைச் சொன்னால் கூட்டம் கைதட்டும். இன்றும் தட்டிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தது. ஊன்றுகோல் பெரியவர் ஒருவர் மட்டும் நின்றார்.

"தம்பி, இந்த இரும்புக் கதவு அன்னைக்கு இருந்ததுதானா?"

"அதேதான் ஐயா. பெயின்ட்கூட அடிக்கல. உள்பக்கம் பாருங்க, எத்தனை பள்ளம்! எல்லாம் எதிரி சுட்டது."

பெரியவர் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயா! என்ன விளையாட்டு இது? திறங்க!"

கும்மிருட்டு. வழிகாட்டிக்குக் கையிலிருந்த டார்ச்சைப் போடக்கூடத் தோன்றவில்லை. அதாலேயே கதவை ஓங்கி ஓங்கி இடித்தான். இடித்த இடமெல்லாம் பழைய பள்ளங்கள் கையில் தட்டுப்பட்டன.

கதவு திறந்தது. பெரியவரின் கை இன்னும் தாழ்ப்பாளில் இருந்தது.

"அன்னைக்கு அந்தப் பதினோரு பேரும் ஓடிடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நான்தான் தாழ்ப்பாளைப் போட்டுட்டு இங்கேயே காவல் நின்னேன்" என்றார். "துப்பாக்கிக் கட்டையால மூணு நாள் இடிச்சாங்க, தம்பி. உங்களை மாதிரியேதான்."