பாறைக்குப் பின்னால் ஒரு வீடு

எந்தக் கம்பெனியும் அந்த ஊருக்கு நெட் கொடுக்காததால், இசக்கிராஜ் தானே பொத்தை என்கிற சிறு குன்றின்மேல் கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, வீடு வீடாக வைஃபை கொண்டுவந்தான். பெரிய பாறைக்குப் பின்னால் இருந்த செல்லக்கனியின் வீட்டுக்கு மட்டும் சிக்னல் எட்டவில்லை. மஸ்கட்டில் இருக்கும் புருஷனின் முகத்தைப் பார்த்து அவளுக்கு வருஷக்கணக்காயிற்று. அதற்காகவே விடாப்பிடியாக அவள் வீட்டுத் தென்னை உச்சியில் இன்னொரு ஆன்டெனாவைக் கட்டினான். நெஞ்செல்லாம் சிராய்த்துப் போனாலும் சிக்னல் வந்துவிட்டது.

செல்லக்கனி தலைசீவி, கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு போனோடு வந்து உட்கார்ந்தாள். வீடியோ கால் அடித்து அடித்து நின்றது. "நான்தாங்க, கனி. நம்ம வீட்டுக்கு நெட் வந்துட்டு" என்று குரலைப் பதிந்து அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. மறுபடி கூப்பிட்டபோது அந்தப் பக்கம் எடுக்காமலே துண்டித்தார்கள். அதன்பிறகு மணியே அடிக்கவில்லை.

"லைன் கோளாறா இருக்கும் மதினி" என்றான் இசக்கிராஜ்.

"லைன் நல்லாத்தான இருக்கு தம்பி. டவர் இல்லாமத்தான் அவுக பேசலன்னு இத்தன வருஷமா ஊர்ல சொல்லிக்கிட்டிருந்தேன். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அதக் கழத்திரு" என்றாள்.

அவன் மறுபடி தென்னையில் ஏறினான்.

மறுநாள் குழாயடியில் ஒருத்தி அவனை மறித்தாள். "கனி வீட்டுக்கு மட்டும் ஒன்னால கொண்டுவர முடியலையாமே?"

"ஆமக்கா, பாறை மறைக்கி."

குடத்தை இடுப்பில் ஏற்றியபடி செல்லக்கனி சொன்னாள்: "அவன் என்ன செய்வான், பாவம்."