ஐந்து நிமிடத்தில் மறைபவை

அனுப்பிய எதுவும் ஐந்து நிமிடத்தில் அழிந்துபோகும்படி மகுடபதிதான் செயலியில் நேரம் வைத்திருந்தான். அவனுக்கும் சாருலதாவுக்கும் இடையிலிருந்த மூன்று வருடத்துக்கு ஒரு வரிகூடச் சாட்சி இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அவன் சாவுக்கு அவள் மாலையோடு வந்தாள். அலுவலகத்துப் பெண்களோடு வரிசையில் நின்று, அளவாக அழுதாள்.

எடுக்கும் நேரமாயிற்று. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அவன் மனைவி கோகிலவாணி குனிந்து, அவனுடைய வலது கையை எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை மட்டும் துடைத்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதிச் சூடாக்கினாள். பார்த்தவர்கள் விசும்பினார்கள்.

"போதும், கைய விடு கண்ணு. நேரமாச்சு," என்றார் மாமனார்.

"ஒரே நிமிசமுங்க மாமா."

சாருலதாவின் கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'மகுடபதி மறையும் செய்திகளை நிறுத்திவிட்டார்' என்றிருந்தது. அதற்குக் கீழே அவன் பெயரில் ஒரு செய்தி வந்திருந்தது.

'வந்திருக்கியா?'

நிமிர்ந்தாள். கோகிலவாணி அழவில்லை. அவள் முந்தானைக்குள் அவனுடைய செல்போன் ஒளிர்ந்தது. வரிசையில் நின்ற பெண்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.