கல்யாண கேசட்டில் கண்ணாடிக்காரி

மேல்வீட்டு அக்காவின் இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஸ்டுடியோக் கடையிலேயே போட்டுக் காட்டினார்கள். கல்யாணப் பெண்ணைவிட மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்திதான் அதிகம் தெரிந்தாள்.

“யாருங்க இவ? கேமரா இவளையே சுத்திச் சுத்தி வருது. நீங்க சொல்லித்தானே எடுத்தான்?”

“எனக்குத் தெரியவே தெரியாதும்மா,” என்று வியர்த்தார் அக்காவின் கணவர்.

கடைக்காரர் நெளிந்தார். “அக்கா, சாரைத் திட்டாதீங்க. அன்னிக்கு கேமரா பிடிச்சவன் நான்தான். அந்தப் பொண்ணைத்தான் அப்புறம் கட்டிக்கிட்டேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம்.

“நானும் குழம்பிட்டேன். அவதான் நம்ம கல்யாணத்துக்கே வரலையே, வீடியோவுல எப்படி இருப்பான்னு.”

“எவ வரல?” என்றாள் அக்கா.