வளைவுப் பாடம்

“மறுபடியும் தப்பு, மாஸ்டர்! வளைவுக்குள்ள போன கார் ஏன் சுத்துது? ‘வேகமா போனதால’ன்னு மொட்டையா சொன்னா வாசலோட அனுப்பிடுவாங்க.”

தையல்காரர் கையைப் பிசைந்தார். தைக்க வேண்டிய துணியெல்லாம் இரண்டு நாளாக மூலையில் கிடந்தது. வெட்டும் மேஜை முழுக்கச் சுண்ணக்கட்டியால் வளைந்து வளைந்து ஒரு சாலை. அதில் காராக ஓடிக்கொண்டிருந்தது பட்டன் டப்பா. ஐம்பத்து நாலு வயது மண்டையில் எதுவும் ஏறுவேனா என்றது.

பாடம் நடத்தியவர் எதிர்க்கடை டயர்காரர். வாலிபத்தில் ரேஸ் ஓட்டி, முழங்காலைத் தொலைத்துவிட்டு டயர் விற்க வந்தவர்.

“ரேஸ் மைதானத்துல கொடி காட்டற வேலை தம்பி. நாளன்னிக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. டயர் தடத்தோட படத்தைக் காட்டி, கார் எப்படிச் சுத்துச்சுன்னு கேப்பாங்க” என்று முந்தின நாள் தையல்காரர் வந்து நின்றபோதே டயர்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போதும் கிண்டலை விடவில்லை.

“ஊசியில நூல் கோக்கவே மூணு தடவை கண்ணாடியைத் துடைக்கறீங்க. நீங்க கொடி காட்டி, கார் நின்னு...”

“கிண்டல் பண்ணாதே. நாளைக்கு நான் உளறினா என் குடும்பமே குட்டிச்சுவராப் போயிடும்.”

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. டயர்காரர் சிரிப்பை விழுங்கிவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தார்.

“கவனிங்க. ஒரு டயர் தரையைத் தொடறது உள்ளங்கை அளவு இடத்துலதான். நாலு உள்ளங்கைதான் மொத்த காரையும் பிடிச்சு வச்சிருக்கு. எந்த டயர் மேல பாரம் அதிகமோ, அது கெட்டியா பிடிக்கும். பாரம் குறைஞ்சா வழுக்கும். வளைவு நடுவுல பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்லேருந்து காலைத் தூக்கினா என்ன ஆகும்?”

“பாரம்... முன்னாடி போகும்?”

“போனா?”

தையல்காரரின் கண் தையல் மிஷின் பக்கம் போனது. துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்ன இரும்புப் பாதத்தைத் தூக்கிவிட்டால் துணி தன்னிஷ்டத்துக்கு ஓடும். முப்பது வருஷமாகப் பார்க்கிறாரே!

“பின் டயர் லேசாகும்! பிடி விட்டுப்போகும்!”

“அப்படிப் போடுங்க! அப்புறம்?”

“பின்பக்கம் வெளியே வீசி அடிக்கும்.”

இதைச் சொன்னது தையல்காரர் இல்லை. இரண்டு டம்ளர் டீயை ஒவ்வொன்றாக இடது கையால் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த அவர் மகள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

“உங்கப்பாவுக்கு ரெண்டு நாளா ஏறாதது உனக்கு ஒரே நிமிஷத்துல ஏறிடுச்சே! கையில என்னம்மா கட்டு?”

“படியில வழுக்கிட்டா” என்றார் தையல்காரர் முந்திக்கொண்டு. “நீ உள்ளே போம்மா.”

அவள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, “அப்படிச் சுத்தினா என்ன பண்ணணும்? அதையும் சொல்லு தம்பி. எதுவும் விட்டுப்போகக் கூடாது” என்று டயர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்ததை டயர்காரர் கவனித்தார். பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டார்.

“முதல் விஷயம், காலைத் தூக்கவே கூடாது. அது புதுசா ஓட்டறவங்க பண்ற தப்பு. பழகினவன் காலை அப்படியே வச்சிருப்பான். மீறி வழுக்கினா, வழுக்கற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பணும்.”

தையல்காரர் வாய்க்குள் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததை வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூடவே வந்த மகள், வெளியே பெஞ்சில், சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டுக் கட்டை மறைத்தபடி இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் தெரிந்தாள். கடவுளே, இந்த ஒரு தடவை மட்டும் காப்பாத்து.

அதிகாரி அம்மா ஒரு படத்தை நகர்த்தி வைத்தார். சாலையில் பிறை போலக் கறுப்பாக இரண்டு தடம்.

“இது எப்படி வந்துச்சு?”

தையல்காரர் மூச்சுவிடாமல் கொட்டினார். வளைவு, பயத்தில் தூக்கிய கால், முன்னால் போன பாரம், லேசான பின் டயர். ஒரு வார்த்தை பிசகவில்லை. அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

“பரவாயில்லையே! அப்போ என்ன பண்ணியிருக்கணும்?”

“காலைத் தூக்கவே கூடாதுங்க. அது புதுசா ஓட்டறவங்க பண்ற தப்பு. வழுக்கற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பணும்.”

“எத்தனை வருஷமா ஓட்டறீங்க?”

“இருபத்திரண்டு வருஷம். அன்னிக்கு வரைக்கும் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்லைங்க.”

சொல்லி முடித்ததும் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

அதிகாரி மேஜை மேலிருந்த போலீஸ் தொப்பியை ஓரமாக நகர்த்திவிட்டு, முந்தாநாள் தையல்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்தார். ‘வளைவில் சைக்கிள்காரரை இடித்தபோது காரை ஓட்டியது நான்தான்.’ அதை ஒருமுறை படித்தார். கண்ணாடிக் கதவு வழியே, சட்டைக் கைக்கு வெளியே எட்டிப்பார்த்த கட்டைப் பார்த்தார்.

“இவ்வளவு தெரிஞ்சவர் காலைத் தூக்கியிருக்க மாட்டார். வெளியே இருக்கற உங்க பொண்ணை வரச் சொல்லுங்க.”