ஜாஸ்மின் போட்ட கையெழுத்து

பம்மலில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் வேலை ஷீலாவுக்கு. பார்த்து முடித்ததும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான்காவது தெரு, கூட வேலை பார்க்கும் ஜாஸ்மினுடையது. அங்கே மட்டும் ஒரு டிரம்மிலும் புழு இருக்காது. கூட்டத்துக்குக் கூட்டம் அவளுக்குத்தான் கைதட்டல். ஷீலாவுக்கு வயிறு எரியும்.

போன மாதம் ஜாஸ்மின் டெங்குவில் போய்ச் சேர்ந்தாள். நாலு நாள் ஜுரம். விட்டுப்போச்சு என்று சிரித்தவள் அன்று மாலையே சுருண்டுவிட்டாள். தெரு ஷீலாவுக்கு வந்தது.

முதல் வீட்டிலேயே, "இப்பதான் ஜாஸ்மின் அக்கா பாத்துட்டுப் போச்சு. நீ இன்னாத்துக்கு?" என்றாள், விஷயம் தெரியாத வீட்டுக்காரி. அட்டையில் அன்றைய தேதி, ஜாஸ்மினின் சாய்ந்த கையெழுத்து. தெரு முழுக்க அப்படியே. மறுவாரம் ஷீலா ஒரு மணி நேரம் முன்னதாகவே போனாள். அப்போதும் கையெழுத்து இருந்தது; மை காய்ந்திருக்கவில்லை.

"செத்தும் முந்திக்கிறா பாரு" என்று பல்லைக் கடித்தாள்.

தன் வீட்டில் மட்டும் ஷீலா எதையும் பார்க்காமலே வாராவாரம் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அன்று திரும்பியபோது அதிலும் ஜாஸ்மினின் கையெழுத்து. பக்கத்தில், "புழு இருக்கு. ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டில்."

நாலு நாளாய் ஜுரத்தில் கிடந்த மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஜாஸ்மின் ஆன்ட்டி வந்தாங்கம்மா. நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. ஜுரம் வுட்டுப்போச்சாம்."

ஷீலாவுக்குப் பயம் பிறகுதான் வந்தது. பெற்றவளுக்கு முன்னால் அவள் தொட்டுவிட்டாளே என்றுதான் முதலில் எரிந்தது. ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.